மலேரியாவுக்கு ரத்தத்தில் சைட்டோகைன் குறியீடு தேடப் போகிறீர்களா? புதிய ஆய்வு மாணவருக்கு ஒரு வழிகாட்டி

என் ஆய்வில் முதலில் எடுத்த 40 ரத்த சாம்பிள்களை நான் பயன்படுத்தவே இல்லை. காலையில் வார்டில் எடுத்த டியூப்கள் மதியம் வரை மேசைமேல் கிடந்து, என் கைக்கு வரும்போது நான்கைந்து மணி நேரம் ஆகியிருந்தது. ரத்தத்தில் ஒரு புரதம் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் எலிசா சோதனையில், முன்னோட்டமாக ஒரு தட்டு ஓட்டிப் பார்த்தேன். நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தவருக்கும் 104 டிகிரி காய்ச்சலில் கிடந்தவருக்கும் ஐஎல்-8 (இன்டர்லூக்கின்-8 என்ற சைட்டோகைன்) அளவு கிட்டத்தட்ட ஒன்றாக வந்தது. கிட் சரியில்லை என்று விற்பனைப் பிரதிநிதியிடம் சண்டை போட்டேன். கிட்டில் ஒரு குறையும் இல்லை.

எம்.டி. மைக்ரோபயாலஜி, பயோகெமிஸ்ட்ரி மாணவர்களுக்கும், முனைவர் பட்டத்துக்கு இந்தத் தலைப்பை எடுக்க நினைப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். சைட்டோகைன், கீமோகைன் என்பவை நோய் எதிர்ப்பு செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி சொல்லிக்கொள்ளும் புரதங்கள். மலேரியா ஒட்டுண்ணி சிவப்பணுவை உடைத்துக்கொண்டு வெளியே வரும்போது இந்தச் செய்திப் போக்குவரத்து ஒரேயடியாகக் கூடுகிறது. அதை ரத்தத்தில் அளந்து நோயைப் பற்றி ஏதாவது சொல்ல முடியுமா என்பதுதான் ஆய்வு. படிக்கும்போது எளிதாகத் தெரியும். செய்யும்போது தெரியாது.

1. கேள்வியைச் சுருக்குங்கள்

"மலேரியாவில் சைட்டோகைன்களின் பங்கு" என்று தலைப்பு வைத்துக்கொண்டு கமிட்டி முன்னால் போய் நிற்காதீர்கள். இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இந்தக் காய்ச்சல் மலேரியாதானா என்பது ஒன்று. மலேரியா என்று தெரிந்தவர்களில் யாருக்கு நோய் முற்றும் என்பது மற்றது.

முதல் கேள்விக்கு, ரத்தத்தைக் கண்ணாடியில் பூசி நுண்ணோக்கியில் பார்க்கும் ஸ்மியரும் ரேப்பிட் டெஸ்ட் கார்டும் ஏற்கெனவே பதில் சொல்கின்றன. கார்டு 20 நிமிடத்தில் சொல்லிவிடும். நான்கு மணி நேரம் எலிசா ஓட்டி ஐஎல்-10 பார்த்து மலேரியா கண்டுபிடிக்க எந்த மருத்துவரும் காத்திருக்கப் போவதில்லை. ஐஎல்-6, ஐஎல்-10, இன்டர்ஃபெரான்-காமா, சிஎக்ஸ்சிஎல்10 ஆகிய செய்திப் புரதங்கள் எல்லாம் மலேரியாவில் கூடுவது உண்மைதான். ஆனால் டெங்குவிலும் கூடும். எலிக்காய்ச்சல், டைபாய்டு, ஸ்க்ரப் டைஃபஸ் எதிலும் இவை சும்மா இருப்பதில்லை. அதனால் மலேரியா நோயாளிகளை ஆரோக்கியமானவர்களோடு மட்டும் ஒப்பிட்டால் நீங்கள் கண்டுபிடிப்பது காய்ச்சலின் குறியீட்டை, மலேரியாவின் குறியீட்டை அல்ல. மலேரியா இல்லாத காய்ச்சல்காரர்கள் என்று மூன்றாவது குழு கட்டாயம் வேண்டும். என் கைடு இதை முதல் நாளே சொன்னார். நான் செலவு பார்த்துத் தள்ளிப் போட்டேன், பிறகு ஆறு மாதம் கழித்துச் சேர்த்தேன்.

இரண்டாவது கேள்விதான் பயனுள்ளது. ஜபல்பூர் நோயாளிகளை வைத்து 2008-ல் வெளியான ஆய்வில், பெருமூளை மலேரியாவில் இறந்தவர்களிடம் சிஎக்ஸ்சிஎல்10 கூடுதலாக இருந்தது. ஐபி-10 என்பதும் இதே புரதம்தான். கிட் பட்டியலில் இரண்டு பெயரும் இருக்கும், ஏமாந்து இரண்டையும் வாங்கிவிடாதீர்கள்.

எதை அளப்பது? ஐஎல்-2, ஐஎல்-4 இரண்டையும் விட்டுவிடலாம் என்பது என் கருத்து. பிளாஸ்மாவில் பெரும்பாலும் கிட்டின் அளவெல்லைக்குக் கீழேதான் இருக்கும், பாதித் தட்டு வெறுமையாக வரும். டிஎன்எஃப் என்ற சைட்டோகைன் பேர்பெற்ற ஆசாமி, ஆனால் மணிக்கு மணி மாறுகிறவர். இலங்கையில் வைவாக்ஸ் வகை மலேரியா நோயாளிகளிடம் அடுத்தடுத்து ரத்தம் எடுத்துப் பார்த்த 1992-ஆம் ஆண்டு ஆய்வில், குளிர் நடுக்கத்தோடு வரும் காய்ச்சல் ஏறி இறங்குவதை ஒட்டியே டிஎன்எஃப் அளவும் ஏறி இறங்கியது. ஒரே ஒரு முறை ரத்தம் எடுக்கும் ஆய்வில் அதை வைத்துக்கொண்டு என்ன சொல்வது? நான் கடைசியில் ஐஎல்-6, ஐஎல்-10, சிஎக்ஸ்சிஎல்10 மூன்றோடு நிறுத்திக்கொண்டேன்.

2. நோயாளிகள் கிடைப்பார்களா என்று எண்ணிப் பாருங்கள்

தமிழ்நாட்டில் இப்போது மலேரியா ஆண்டுக்குச் சில நூறு பேருக்குத்தான் வருகிறது. நல்ல செய்தி, உங்கள் தீசிஸுக்கு மட்டும் கெட்ட செய்தி. சென்னையில் கிடைப்பது பெரும்பாலும் வைவாக்ஸ். கடுமையான ஃபால்சிபாரம் வகை மலேரியா நோயாளிகள் 50 பேர் வேண்டும் என்று எழுதினால், ஒடிசாவிலோ சத்தீஸ்கரிலோ இருக்கும் மருத்துவமனையோடு ஒப்பந்தம் போட்டால்தான் நடக்கும்.

எண்ணிக்கை முடிவு செய்வதற்கு முன் உங்கள் மருத்துவமனை ஆய்வகத்தின் மலேரியா ரிஜிஸ்டரை வாங்கி, கடந்த மூன்று ஆண்டுகளில் மாதவாரியாக எத்தனை பாசிட்டிவ் என்று எண்ணுங்கள். அதில் பாதிப் பேர்தான் உங்களுக்குக் கிடைப்பார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியே மாத்திரை போட்டுவிட்டு வந்தவர், கர்ப்பிணி, டெங்குவும் சேர்ந்து வந்தவர், கையெழுத்துப் போட மறுப்பவர் எல்லாம் கழிந்துவிடுவார்கள். எங்கள் கணக்கு 60 வைவாக்ஸ், 60 வேறு காய்ச்சல், 30 ஆரோக்கியமானவர்கள், ஆக மொத்தம் 150. அந்த 60 வைவாக்ஸ் சேர இரண்டு மழைக்காலம் ஆனது.

3. எதிக்ஸ் கமிட்டி: மூன்று மாதம் ஒதுக்குங்கள்

கமிட்டி அனுமதிக் கடிதம் கையில் இல்லாமல் ஒரு சொட்டு ரத்தமும் எடுக்கக்கூடாது. "எப்படியும் டெஸ்டுக்கு எடுத்த ரத்தம்தானே, மிச்சத்தை எடுத்து வைத்துக்கொள்ளலாம்" என்று சீனியர்கள் சொல்வார்கள். கேட்காதீர்கள். ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகளை ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள், கமிட்டியில் வரும் கேள்விகள் பெரும்பாலும் அதிலிருந்துதான்.

கொடுக்க வேண்டியவை: ஆய்வுத் திட்டம், பங்கேற்பாளர் தகவல் தாள், ஒப்புதல் படிவம், இவற்றின் மொழிபெயர்ப்பும் மறுமொழிபெயர்ப்புச் சான்றும், விவரம் பதியும் படிவம், பட்ஜெட், வழிகாட்டியின் தன்விவரம், நன்மருத்துவ ஆய்வு நடைமுறைப் பயிற்சிச் சான்றிதழ், ரத்தம் எடுக்கும் துறைகளின் தலைவர்களிடமிருந்து சம்மதக் கடிதம். சாம்பிள் வேறு நிறுவனத்துக்குப் போவதாக இருந்தால் புரிந்துணர்வு ஒப்பந்தமும் வேண்டும். வெளிநாட்டுக் கூட்டு ஆய்வு என்றால் மத்திய சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழு வரை போக வேண்டியிருக்கும். முதல் ஆய்வுக்கு அந்த வம்பே வேண்டாம்.

நான் விழுந்த குழி மொழி. தமிழிலும் ஆங்கிலத்திலும் மட்டும் படிவம் வைத்திருந்தேன். வார்டில் போய்ப் பார்த்தால் மலேரியா நோயாளிகளில் பாதிக்கு மேல் கட்டட வேலைக்கு வந்த ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார் தொழிலாளர்கள். புரியாத மொழியில் கைநாட்டு வாங்குவது ஒப்புதல் ஆகாது. இந்தி, ஒடியா படிவங்களைத் தயாரித்து, திருத்த விண்ணப்பம் கொடுத்து, மறுபடி அனுமதி வாங்க இரண்டு மாதம் போனது. முதல் முறையே நான்கு மொழியிலும் கொடுத்துவிடுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் ஒப்புதல் வாங்கும்போது, ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி பக்கத்தில் இருந்து கையெழுத்துப் போட வேண்டும். உங்கள் நண்பரான இன்னொரு ஆய்வு மாணவர் சாட்சி ஆக முடியாது.

சிறுவர்களைச் சேர்ப்பதானால் பெற்றோர் ஒப்புதலோடு, 7 முதல் 12 வயது வரை வாய்மொழிச் சம்மதம், அதற்கு மேல் 18 வரை எழுத்துச் சம்மதம். பெரியவர்களோடு நிறுத்திக்கொள்வது உங்களுக்கு நல்லது. மீதமாகும் பிளாஸ்மாவை எதிர்கால ஆய்வுக்குச் சேமிக்க எண்ணம் இருந்தால், ஒப்புதல் படிவத்தில் அதற்குத் தனி வரி, தனி கையெழுத்து. பிறகு சேர்க்க முடியாது.

மருத்துவ ஆய்வுகளுக்கான இந்தியப் பதிவேடான சிடிஆர்ஐயில் பதிவு இலவசம். சிகிச்சை எதையும் சோதிக்காத இதுபோன்ற ஆய்வுக்கு அது கட்டாயமில்லை. ஆனாலும் முதல் நோயாளிக்கு முன் பதிந்துவிடுங்கள், சில இதழ்கள் கேட்கின்றன.

4. பணம்: கிட் வாங்குவதற்கு முன் கிணறுகளை எண்ணுங்கள்

ஒரு எலிசா தட்டில் 96 கிணறு. "96 பேருக்குப் பார்க்கலாம்" என்று நினைத்துத்தான் எல்லோரும் பட்ஜெட் போடுகிறார்கள். நானும் போட்டேன். அளவு தெரிந்த ஸ்டாண்டர்டு ஏழு, வெற்று ஒன்று, இவை இரட்டையாக 16 கிணறு. கட்டுப்பாட்டு சாம்பிள் இரண்டு, இரட்டையாக 4. மிச்சம் 76. ஒவ்வொரு நோயாளிக்கும் இரட்டையாக ஓட்டினால் 38 பேர். என் 150 பேருக்கு ஒரு புரதத்துக்கே நான்கு தட்டு. முதலில் திட்டமிட்ட ஐந்து புரதங்களுக்கு 20 தட்டு.

எனக்கு வந்த கொட்டேஷன்களில் நல்ல இறக்குமதி கிட் சுமார் 35,000 ரூபாய், ஜிஎஸ்டி தனி. 20 தட்டுக்கு 7 லட்சம். சிஎஸ்ஐஆர் உதவித்தொகையோடு வரும் இதரச் செலவுத் தொகை ஆண்டுக்கு 20,000 ரூபாய்தான், ஒரு கிட்டுக்குக்கூடக் காணாது. ஐந்து மூன்றாகக் குறைந்ததற்கு அறிவியல் காரணம் பாதி, இந்தக் கணக்கு பாதி.

ஒரே கிணற்றில் பத்து, இருபது புரதங்களை அளக்கும் நுண்ணிய மணிகளை (பீட்) வைத்துச் செய்யும் மல்டிபிளெக்ஸ் முறையும் இருக்கிறது. 25 முதல் 50 மைக்ரோலிட்டர் பிளாஸ்மா போதும், எலிசாவில் ஒரு கிணற்றுக்கே 100 வேண்டியிருக்கும். தட்டு லட்சத்தைத் தாண்டும், கருவி இருக்கும் இடத்தில் ஓட்டுக்கூலி வேறு. எட்டு புரதங்களுக்கு மேல் பார்ப்பதாக இருந்தால்தான் அது கட்டுப்படியாகும். கருவி இருக்கிறது என்று சொல்லும் ஆய்வகத்தில், அது கடைசியாக எப்போது சர்வீஸ் ஆனது என்று கேட்டுவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது மூன்று விஷயம். ஒரு புரதத்துக்கான எல்லாத் தட்டுகளும் ஒரே லாட் (தயாரிப்புத் தொகுதி) எண்ணில் வரவேண்டும் என்று ஆர்டரிலேயே எழுதுங்கள். காலாவதித் தேதி குறைந்தது ஒன்பது மாதம் தள்ளி இருக்கட்டும். சாம்பிள் சேகரிப்பு முக்கால்வாசி முடிந்த பிறகு ஆர்டர் கொடுங்கள். கிட் வர எனக்கு ஏழு வாரம் ஆனது, கொள்முதல் கமிட்டி மூன்று கொட்டேஷன் பார்த்துக் கையெழுத்திட அதற்கு முன் ஒரு மாதம். வெள்ளிக்கிழமை மாலை வந்து சேரும் பார்சலை மட்டும் ஏற்காதீர்கள், திங்கள்கிழமை வரை அது ஸ்டோர் அறையில் வெயில் காயும்.

5. ஊசி முதல் ஃப்ரீசர் வரை

ஆய்வு கெட்டால் இங்கேதான் கெடும். டியூபுக்குள்ளும் வெள்ளணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன. அறை வெப்பத்தில் விட்டால் அவை சைட்டோகைன் விட்டுக்கொண்டே இருக்கும். நீங்கள் அளப்பது நோயாளியின் ரத்தத்தை அல்ல, டியூப் பட்ட பாட்டை.

எப்போது எடுப்பது: மலேரியா மாத்திரையின் முதல் வேளைக்கு முன். மருந்து இறங்கியதும் ஒட்டுண்ணியும் மாறும், சைட்டோகைனும் மாறும். ஆனால் உங்கள் சாம்பிளுக்காக மருந்தை ஐந்து நிமிடம்கூடத் தாமதப்படுத்தக் கூடாது. நோய் கண்டறிய எடுக்கும் அதே குத்தில் கூடுதலாக ஒரு 4 மி.லி. ஊதா மூடி இடிடிஏ டியூப் எடுக்க நர்ஸிடம் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். இரவு டியூட்டி சிஸ்டர்களிடம் நீங்களே நேரில் போய்ப் பேசுங்கள், துறைத்தலைவரின் சுற்றறிக்கையைவிட அது வேலை செய்யும். எடுத்த நேரம், அப்போதைய வெப்பநிலை, கடைசியாக நடுக்கம் வந்த நேரம் மூன்றும் டியூப் லேபிளோடு குறிப்பில் வரவேண்டும்.

சீரமா (ரத்தம் உறைந்தபின் பிரியும் நீர்), பிளாஸ்மாவா (உறையவிடாமல் பிரிப்பது) என்று கேட்பீர்கள். பிளாஸ்மா. ரத்தம் உறையும்போது தட்டணுக்கள் ரான்டீஸ் போன்ற கீமோகைன்களைக் கொட்டும். மலேரியாவில் தட்டணுக்கள் குறைவது உங்களுக்குத் தெரியும். ஆகவே சீரத்தில் ரான்டீஸ் அளந்து "மலேரியாவில் குறைகிறது" என்று எழுதினால், தட்டணு எண்ணிக்கையைச் சுற்றி வளைத்து, முப்பத்தைந்தாயிரம் ரூபாய் செலவில் எண்ணியிருக்கிறீர்கள் என்றுதான் அர்த்தம்.

சிவப்பணு உடைந்து பிளாஸ்மா சிவந்திருந்தால் அந்த சாம்பிளைக் குறித்துவைத்து ஒதுக்குங்கள். வைவாக்ஸ் ஒட்டுண்ணி சிவப்பணுவுக்குள் நுழையப் பிடித்துக்கொள்ளும் டஃபி புரதமே ஐஎல்-8, எம்சிபி-1, ரான்டீஸ் ஆகியவற்றையும் பிடித்து வைத்திருக்கும். செல் உடைந்தால் அதுவும் சேர்ந்து கலங்கும். ஐஎல்-8-ஐ நான் கைவிட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

எடுத்த ஒரு மணி நேரத்துக்குள், தவறினால் இரண்டு மணிக்குள், பிளாஸ்மாவைப் பிரித்துவிட வேண்டும். 1,000 ஜி-யில் (புவியீர்ப்பைப் போல ஆயிரம் மடங்கு விசையில்) 15 நிமிடம் என்று கிட் புத்தகத்தில் இருந்தால், சென்ட்ரிஃப்யூஜில் 1,000 என்று வைத்துவிடாதீர்கள். அந்தத் திரையில் தெரிவது சுற்று எண்ணிக்கை. ஆரம் 15 செ.மீ. உள்ள ரோட்டருக்கு 1,000 ஜி கிடைக்க நிமிடத்துக்குச் சுமார் 2,500 சுற்று வேண்டும். ரோட்டர் ஆரத்தை அளந்து ஒருமுறை கணக்கிட்டு, கருவிமேல் ஒட்டிவையுங்கள்.

பிளாஸ்மாவை ஒரே குப்பியில் வைக்காமல் 250 மைக்ரோலிட்டராகப் பிரித்து ஐந்து குப்பியில் வைத்து, மைனஸ் 80-ல் போடுங்கள். ஒவ்வொரு புரதத்துக்கும் ஒரு குப்பி, ஒருமுறைதான் உருக வேண்டும். மார்க்கர் பேனாவில் எழுதிய எண் உறைபனியில் அழிந்துவிடும், உறைநிலை தாங்கும் லேபிளுக்குச் செலவு செய்யுங்கள். இரண்டு சொட்டு ரத்தம் வடிதாளிலும் எடுத்துக் காயவைத்து வைத்தால், கலப்புத் தொற்று உண்டா என்று பின்னால் பிசிஆர் பார்க்க உதவும்.

ஃப்ரீசர் ஜெனரேட்டர் இணைப்பில் இருக்கிறதா என்று பிளக்கைத் தொடர்ந்துபோய்க் கண்ணால் பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒருவருடைய இரண்டு வருட சாம்பிள், பொங்கல் விடுமுறையில் மின்சாரம் போனதில் கஞ்சியாகிவிட்டது. குப்பிகளை இரண்டு ஃப்ரீசரில் பிரித்து வைப்பது இலவசக் காப்பீடு.

6. ஒட்டுண்ணியை நீங்களே எண்ணுங்கள்

கேஸ் ஷீட்டில் "எம்பி பாசிட்டிவ்" (மலேரியா ஒட்டுண்ணி உண்டு) என்று மட்டும் இருக்கும், அது போதாது. தடித்த ஸ்மியரில் 200 வெள்ளணுவுக்கு எத்தனை ஒட்டுண்ணி என்று எண்ண வேண்டும், இரண்டு பேர் தனித்தனியாக. வெள்ளணு 8,000 என்று வைத்துப் பெருக்குவது வழக்கம். மலேரியாவில் வெள்ளணு பெரும்பாலும் அதைவிடக் குறைந்திருக்கும். 200 வெள்ளணுவுக்கு 120 ஒட்டுண்ணி என்றால், 8,000 கணக்கில் மைக்ரோலிட்டருக்கு 4,800. நோயாளியின் உண்மையான வெள்ளணு 4,500 என்றால் அது வெறும் 2,700. அதே நாள் ரத்த எண்ணிக்கையை எடுத்துப் பெருக்குங்கள். வேறு காய்ச்சல் குழுவில் எல்லோருக்கும் ஸ்மியர் நெகட்டிவ், மலேரியா குழுவில் எல்லோருக்கும் டெங்கு டெஸ்ட் நெகட்டிவ் என்பதையும் உறுதி செய்யுங்கள்.

7. தட்டு ஓட்டும் நாள்

முதல் தட்டில் மலேரியா, இரண்டாவதில் டெங்கு, மூன்றாவதில் ஆரோக்கியமானவர்கள் என்று வரிசையாக ஓட்டவே ஓட்டாதீர்கள். வித்தியாசம் வந்தால் அது நோயாலா தட்டாலா என்று எந்தச் சாமியாலும் சொல்ல முடியாது. ஒவ்வொரு தட்டிலும் மூன்று குழுவும் கலந்திருக்கட்டும். யார் எந்தக் குழு என்று ஓட்டுபவருக்குத் தெரியாமல் எண் மட்டும் கொடுங்கள். ரீடரில் 450 நானோமீட்டர் ஃபில்டர் இருக்கிறதா என்று முந்தின நாளே பாருங்கள். இரட்டைக் கிணறுகள் தமக்குள் 15 சதவீதத்துக்கு மேல் மாறுபட்டால் மறுபடி ஓட்ட வேண்டும், அதற்காகவே ஒரு தட்டு உபரி வாங்குவது நல்லது.

8. கணக்கு

சைட்டோகைன் அளவுகள் ஒருபக்கம் நீண்டு கிடக்கும். ஒருவருக்கு 5 பிகோகிராம், பக்கத்துக் கட்டிலில் 900. சராசரியும் திட்டவிலக்கமும் இங்கே பொய் சொல்லும். இடைநிலை அளவு, கால்மான வீச்சு, மான்-விட்னி சோதனை என்று போங்கள், அல்லது லாக் எடுத்துவிடுங்கள். அளவெல்லைக்குக் கீழே வந்தவற்றுக்குப் பூஜ்யம் போடாதீர்கள், எல்லையின் பாதியை வைத்து, அப்படி வைத்ததாக எழுதுங்கள்.

புரதம் இரு குழுக்களை எவ்வளவு நன்றாகப் பிரிக்கிறது என்று காட்டும் ஆர்ஓசி வரைபடம் போட்டு 0.95 (1 என்றால் முழுமை) வந்தது என்று குதிப்பதற்கு முன், அது யாரோடு ஒப்பிட்டு வந்தது என்று பாருங்கள். எனக்கு ஐஎல்-10 ஆரோக்கியமானவர்களோடு பிரமாதமாகப் பிரிந்தது, டெங்கு குழுவோடு வைத்தபோது இறங்கிவிட்டது. இன்னொரு சோதனையும் செய்யுங்கள்: தட்டணு எண்ணிக்கையை மட்டும் வைத்து அதே வரைபடம் போட்டு, உங்கள் புரதம் அதற்கு மேல் எதையாவது கூட்டுகிறதா என்று பாருங்கள். வைவா என்ற வாய்மொழித் தேர்வில் என்னிடம் முதலில் கேட்ட கேள்வி அதுதான்.

9. எழுதும்போது

நோயறி சோதனை ஆய்வுகளுக்கான ஸ்டார்ட் 2015 பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள். எத்தனை பேரை அணுகினீர்கள், எத்தனை பேர் ஏன் கழிந்தார்கள் என்று காட்டும் ஒரு பாய்வுப் படம் அதில் கட்டாயம். முன்னோட்டம் என்று பெயர் சொல்லி என் 40 டியூப்களையும் மறைத்துவிடலாம் என்று பார்த்தேன், கைடு விடவில்லை. படத்தின் வலது ஓரத்தில் இப்போது அவற்றுக்கும் ஒரு பெட்டி இருக்கிறது: "பிளாஸ்மா பிரிக்கத் தாமதம், 40."